பொட்டுக்குக் கிடைத்த வீடு

அம்மா, மழையில பொட்டு கரைஞ்சு போச்சுன்னா நம்ம வீடும் போயிருமா, என்று கிருபை கேட்டாள், பஸ் நிறுத்தத்தில் என் முந்தானைக்குள் நின்றுகொண்டு, நாலரை வயது, என் நெற்றியிலிருந்து மூக்கு நுனிக்கு வழியும் சிவப்பு நீரை ஒற்றை விரலால் தொட்டுப் பார்த்தாள், அந்த விரல் நெருப்பாகச் சுட்டது, அதெல்லாம் போகாதுட்டி, வீடு எங்கேயாவது கரையுமா, என்று சொன்னேன், சொல்லும்போதே தெருக் கோடியில் மழைக்குப் பின்னால் எங்கள் வீடு மங்கிக்கொண்டு வந்தது, அதன் பக்கத்து வீடும், அதற்கடுத்ததும், யுத்தம் முடிந்து திரும்பிய சிப்பாய்களுக்காக அவசரம் அவசரமாகக் கட்டிய வீடுகள், எல்லாம் ஒரே சாய்வுக் கூரை, முன்பக்கம் ஒரே மாதிரி பெரிய கண்ணாடிச் சன்னல், எது எங்களுடையது என்று எனக்கே சில வேளை தெரியாது, எண்ணைப் பார்த்துத்தான் நுழைவேன், இன்றைக்கும் அந்தச் சன்னலுக்குள்தான் உட்கார்ந்திருக்கிறேன், வெளியே மழை பிடித்தால் எனக்கு முதலில் அந்தக் கேள்விதான் கேட்கிறது, பிறகுதான் மழை.

அவளைக் குறை சொல்ல முடியாது, அவளுடைய அப்பா தினமும் காலையில் தொப்பியை எடுத்துக்கொண்டு கதவருகே நின்று சொல்வது அவள் காதில் விழுந்திருந்தது, இங்க பாரு, பொட்டு இல்லாம வாசல்ல இறங்காத, தபால் எடுக்கக்கூட, வீடு போயிரும், என்று. அது பொய்யில்லை, பொட்டு வைத்துத்தான் அந்த வீட்டை வாங்கினோம். ஃபிலடெல்ஃபியாவுக்கு வெளியே எத்தனை ஞாயிற்றுக்கிழமைகள் அலைந்தோம், வீடு விற்பனைக்கு என்று பலகை நிற்கும், அத்தான் கோட்டும் டையுமாகத் தரகர் அலுவலகத்துக்குள் போவார், நான் கவுன் போட்டுக்கொண்டு பின்னால் போவேன், கப்பலில் ஒரு மாது அதுதான் இந்த ஊருக்கு வசதி என்று சொல்லிக் கொடுத்திருந்தாள், தரகர் எங்கள் இருவர் முகத்தையும் பார்ப்பார், அடடா, நேற்றுத்தான் விற்றுப்போச்சு, என்பார், அடுத்த வாரமும் பலகை அங்கேயே நிற்கும். அத்தான் வேலை பார்த்த ரசாயனச் சாலையில் கூட வேலை செய்த ஒருவர்தான் சொன்னார், உங்களை நீக்ரோ என்று நினைக்கிறார்கள் ஐயா, உங்கள் மனைவியை அந்த நீளத் துணியில் கூட்டிக்கொண்டு போங்கள், நெற்றியில் அந்தப் புள்ளியும் இருக்கட்டும், என்று. அத்தான் வந்து அதைச் சொன்னபோது நான் அடுப்பை அணைத்துவிட்டேன். பொட்டா, அத்தான், உங்களுக்கு என்ன கிறுக்கா, எங்க ஐயா உபதேசியாரு, எங்க அம்மை வீடு வீடா வேதம் சொல்லிட்டு அலைஞ்சவ, எங்க தலைமுறையில எவ நெத்தியிலயும் பொட்டு ஏறுனதில்ல. இங்க யாரு உங்க ஐயாவப் பாக்கா, என்றார் அவர். கர்த்தர் பாக்காரே, என்றேன். கர்த்தருக்கு நீ யாருன்னு தெரியும், தரகனுக்குத்தான் தெரியாது, என்றார்.

நகரத்தில் படிக்க வந்திருந்த ஒரு பையனின் மனைவி, விசாலம் மாமி, என்னைவிட இரண்டு வயது சின்னவள், ஆனாலும் மாமி, அவள்தான் ஒரு சின்ன டப்பியில் குங்குமம் கொடுத்தாள், நீங்க வேதக்காராளா, அதனால என்ன, நெத்திக்கு ஏது மதம், வச்சுக்கோங்கோ, என்று சிரித்தாள், தன் விரலாலேயே வைத்துவிட்டாள். ஆரஞ்சு நிறப் பட்டு, பச்சைக் கரை, நெற்றியில் வட்டமாக ஒன்று, தரகர் நாற்காலியை விட்டு எழுந்து நின்றார், ஓ, இந்தியாவிலிருந்தா, முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதா, உங்க ஊரில் யானையில்தான் போவீர்களாமே, உங்க கணவர் இளவரசரா. அவர் கெமிஸ்ட், என்றேன். பத்திரத்தில் ஒரு வரி இருந்தது, வெள்ளையர் அல்லாத எவரும் இந்த வீட்டில் குடியிருக்கக் கூடாது, வேலைக்காரர்கள் தவிர, அத்தான் அதில் விரலை வைத்துத் தலைநிமிர்ந்தார், தரகர் பென்சிலால் அந்த வரியைத் தட்டினார், அதை விடுங்க, அது உங்களுக்காக எழுதினது இல்லை, நீங்க வேற வகை. என்ன வகை என்று நாங்கள் கேட்கவில்லை, கேட்டால் அவருக்கே சந்தேகம் வந்துவிடும் என்று பயந்தோம். அன்றிலிருந்து கவுன் பெட்டிக்குள் போயிற்று, பனி கொட்டும் நாளிலும் சேலைதான், கரை நனைந்து விறைத்துப்போய் முழங்காலில் அறையும், குப்பை வைக்கப் போனாலும் பொட்டு, ஊருக்கு அனுப்பப் படம் எடுக்கும்போது மட்டும் நெற்றியைத் துடைத்துக்கொள்வேன், அம்மை பார்ப்பாளே என்று, தெருவுக்கு ஒரு நெற்றி, தபாலுக்கு ஒரு நெற்றி, பகல் முழுக்க அந்தக் கண்ணாடிச் சன்னலுக்குள் நடப்பேன், வெளியே போகிறவர்கள் கையாட்டுவார்கள், நானும் ஆட்டுவேன், தொட்டிக்குள் விட்ட மீனைப் போல.

அந்த மழை நாளில் கிருபைக்குக் காய்ச்சல், எங்களுக்கு டெலிபோன் இல்லை, பக்கத்து வீட்டு மிசஸ் கிளிங்கர் ஊரில் இல்லை, நகரத்துக்குப் பஸ் வர இன்னும் எவ்வளவு நேரமோ, டாக்சி ஒன்று வந்தது, எனக்குத் தெரிந்த டிரைவர்தான், என்னைக் கண்டால் ஹலோ இளவரசி என்று தொப்பியைத் தூக்குகிறவர், கை நீட்டினேன், நிறுத்தினார், சன்னலை இறக்கினார், சேலைக்கு மேல் கழுத்துவரை மூடிய கோட்டு, தலையில் நனைந்த முக்காடு, வெறும் நெற்றி, என் முகத்தையே பார்த்தார், அவருக்கு என்னைத் தெரியவில்லை. கலர்டு ஆட்களை ஏற்றுவதில்லை, என்று சொல்லிக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு போய்விட்டார். அந்நேரம்தான் கிருபையின் கண் மேலே செருகிற்று, கைகால் வெட்டி இழுத்தது, நான் ஏசப்பா ஏசப்பா என்று கத்துகிறேன், யாரோ என் கையிலிருந்து குழந்தையை வாங்குகிறார்கள். குழந்தையை இப்படிக் கொடு கண்ணு, நீ நடுங்குறே, ஒருச்சாய்ச்சுப் பிடிக்கணும், இப்படி, நாக்கைக் கடிச்சுக்காம. கறுப்பினப் பெண் ஒருத்தி, முப்பது வயதிருக்கும், கையில் வேலைச் செருப்பு வைத்த காகிதப் பை, எங்கள் தெருவில் வீடு துடைத்துவிட்டுப் பஸ்ஸுக்கு நிற்கிறவள், தன் கோட்டைக் கழற்றிக் கிருபையைச் சுற்றினாள், பஸ் வந்ததும் டிரைவரிடம், ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் எங்கேயும் நிறுத்தாதீங்க, என்று கட்டளை மாதிரிச் சொன்னாள், அவனும் ஏனோ அப்படியே செய்தான். அவள் பெயர் ஓடெஸா டில்மன்.

ஆஸ்பத்திரியில் எழுதுகிறவள் கேட்டாள், யார் குழந்தை. என் இங்கிலீஷ் எல்லாம் எங்கோ போய்விட்டது. எங்க குழந்தை, என்றாள் ஓடெஸா, சட்டென்று, அக்கா தங்கை மாதிரி என் தோளில் கை போட்டுக்கொண்டு. எழுதுகிறவள் அப்படியே குறித்துக்கொண்டாள், மாடியில் கடைசியிலிருந்த கறுப்பர் வார்டுக்கு அனுப்பினாள், அங்கே சுவரில் ஈரம் பூத்திருந்தது, கட்டில் போதவில்லை, ஆனால் இருந்த ஒரு நர்சு ஓடி ஓடிப் பார்த்தாள், ஐஸ் வைத்தார்கள், ஊசி போட்டார்கள், கிருபை கண் திறந்து ஓடெஸாவைப் பார்த்தாள். பிற்பகல் முழுக்க ஓடெஸா எழுந்து போகவில்லை, என் டெல்ஃபின்னும் இவள் வயசுதான், வாய் ஓயாது, கேள்வி கேட்டே என்னைக் கொன்னுடுவாள், என்றாள், ரொட்டியைப் பிய்த்துப் பாதியை என் கையில் வைத்தாள், சாப்பிடு, தாய் விழுந்துட்டா பிள்ளையை யார் தூக்கறது. நான் யார், எந்த ஊர், ஏன் இந்த உடை, எதுவும் கேட்கவில்லை. எனக்கு அன்றைக்கு அந்த வார்டில் இருந்த நிம்மதி அதற்கு முன்னும் பின்னும் இந்த நாட்டில் கிடைக்கவில்லை, நெற்றி வெறுமையாக, யாரும் என்னை என்ன வகை என்று பார்க்காமல், பிறகு அத்தான் வந்தார், நர்சு ரசாயனச் சாலைக்குப் போன் செய்த சேதி கிடைத்து ஓடி வந்தார், மூச்சிரைக்க, குழந்தையைத் தொட்டார், வார்டைப் பார்த்தார், என் நெற்றியைப் பார்த்தார், முகம் வெளுத்துப்போயிற்று. தப்பு நடந்துபோச்சு, நாங்கள் இந்தியர்கள், என்று நர்சிடம் சொன்னார், மூன்று தரம் சொன்னார், அந்த ஆஸ்பத்திரியிலிருந்து எங்கள் தெருவுக்குச் சேதி போய்விடும் என்று பயந்தார், நான் அவரைப் பழிக்க மாட்டேன். நர்சு ஓடெஸாவைக் காட்டிக் கேட்டாள், அப்போ இவங்க, இவங்க உங்களுக்கு யார். ஓடெஸா என்னைப் பார்த்தாள், சிரிப்பு இன்னும் முகத்தில் மிச்சமிருந்தது. தெரியாது, பஸ்ஸில் வந்தவங்க, என்றேன். பேதுரு மறுதலித்தபோது கூவியதுபோல் அங்கே எந்தச் சேவலும் கூவவில்லை. முதல்ல நெத்தியப் பாரு, என்று அத்தான் என் கைப்பையை நீட்டினார், குளியலறைக் கண்ணாடி முன்னால் நின்று டப்பியைத் திறந்து வைத்துக்கொண்டு வெளியே வந்தேன், கிருபையைக் கீழே பூப்போட்ட திரை உள்ள அறைக்கு மாற்றியிருந்தார்கள், ஓடெஸா போய்விட்டிருந்தாள், நன்றி என்ற ஒரு சொல்லைக்கூட நான் அவளுக்குக் கொடுத்திருக்கவில்லை.

பிறகு அவளைத் தெருவில் காணவில்லை, வேறு இடத்தில் வேலை கிடைத்திருக்கும் என்று நினைத்தேன், அல்லது காணக்கூடாது என்றே நினைத்தேன், இரண்டு வருஷம் ஓடியது, ஐம்பத்தேழு ஆகஸ்டில் எங்களுக்கு நாலு வீடு தள்ளி ஒரு லாரி வந்து நின்றது, கட்டில் இறங்கியது, சின்ன சைக்கிள் இறங்கியது, தபால்துறை உடுப்பில் ஒரு உயரமான மனிதர், அவர் யுத்தத்தில் பிரான்சு வரை போய் வந்தவராம், அவருக்குப் பின்னால் விளக்கைக் கையில் ஏந்திக்கொண்டு ஓடெஸா. அம்மா, ஆஸ்பத்திரி அத்தை, என்று கிருபை சன்னலில் தாவினாள், அத்தை என்று அவளுக்கு யார் சொல்லிக் கொடுத்தது, ஓடெஸா திரும்பினாள், பார்த்தாள், விளக்கை இடுப்பில் இடுக்கிக்கொண்டு ஒரு கையைத் தூக்கினாள், நான் திரையை இழுத்துவிட்டேன். சாயங்காலமே எதிர்ச் சாரியில் ஆட்கள் கூடிவிட்டார்கள், அடுத்த நாள் இன்னும் அதிகம், பிள்ளைகளைத் தோளில் வைத்துக்கொண்டு, திருவிழா பார்க்க வந்ததுபோல, கார் ஹாரனை விடாமல் அடித்தார்கள், ஒருவன் கல்லை எறிந்தான், அவர்கள் வீட்டுப் பெரிய சன்னல் உடைந்தது, போலீஸ்காரர் குனிந்து ஷூ கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தார், உடைந்த சன்னலுக்குப் பலகை அடித்துவிட்டு அந்த மனிதர் மறுநாளும் நேரத்துக்கு வேலைக்குப் போனார்.

மிசஸ் கிளிங்கர் ஒரு தாளை அட்டையில் செருகிக்கொண்டு வந்தாள், கெட்டவள் இல்லை, கிருபைக்கு முதன்முதல் ஸ்வெட்டர் பின்னிக் கொடுத்தவள், இதைச் சொல்லாமல் விட்டால் எனக்குத்தான் பாவம். காப்பி குடித்தாள், பேரன் பல் முளைத்ததைச் சொன்னாள், பிறகு தாளை மேசையில் வைத்தாள். அந்தக் குடும்பம் வீட்டைத் திருப்பி விற்றுவிட்டுப் போகணும்னு எல்லாரும் கேட்டுக்கறோம், மரியாதையாத்தான் எழுதியிருக்கு, நீ படிச்சுப் பாரு. அவளைத் தெரியுமா உங்களுக்கு, என்றேன். தெரியாமல் என்ன, என் வீட்டுத் தரையை நாலு வருஷம் துடைச்சவள், தங்கமான பெண், என் சாவியையே அவளிடம் கொடுத்துவிட்டுப் போவேன், ஆனால் சாவியைக் கொடுக்கறது வேற, பக்கத்தில் குடிவைக்கறது வேற, இல்லையா கண்ணு. நான் தாளையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் குரலைத் தாழ்த்தினாள், சிலர் உங்களைப் பற்றியும் கேட்கிறார்கள், அந்தப் பழைய பத்திரத்தை எடுத்து வாசிக்கலாமா என்கிறார்கள், நான்தான் சொல்லிவைத்திருக்கிறேன், அவங்க வேற மாதிரி, ராஜ வம்சம், நம்ம பக்கம்தான் இருப்பாங்கன்னு, என் வார்த்தையைக் காப்பாத்து. பேனாவைத் திறந்தும் கொடுத்தாள். நான் போட்டேன். என் பெயரை முழுசாக, அழகாக, கான்வெண்டில் சொல்லிக்கொடுத்த கையெழுத்தில், கடைசி எழுத்தின் சுழியைக்கூட விடாமல் போட்டேன். ராத்திரி சாப்பிடும்போது அத்தான், போட்டியா, என்றார், போட்டேன், என்றேன், அந்த அம்மா யாருன்னு எனக்கும் தெரியும், என்றார் தட்டைப் பார்த்துக்கொண்டு, தெரிஞ்சு என்ன செய்ய, இதைவிட்டா நம்மள எந்தத் தெருவுல எடுப்பான், சொல்லு. தட்டைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்தார்.

தூங்கினால் கனவு, எங்கள் வீட்டு எண்ணைப் பார்த்துத்தான் நுழைகிறேன், உள்ளே போனால் எங்கள் ஊர் வேதக்கோயில், ஐயா நற்கருணை கொடுக்கிற பாதிரி ஐயருக்குப் பக்கத்தில் பாத்திரம் ஏந்தி நிற்கிறார், நாங்கள் பெஞ்சுகளில், சாதி பார்த்து ஒதுக்கிய கீழத்தெருக்காரர்கள் பின்னால் தரையில் பாய் போட்டு, நாங்கள் எல்லோரும் குடித்து முடிக்கும்வரை ஏசுவடியாள் என்று ஒருத்தி தலை குனிந்து காத்திருப்பாள், கடைசியில்தான் கிண்ணம் அவளிடம் போகும், அது கனவே இல்லை, நான் எத்தனையோ ஞாயிற்றுக்கிழமை பார்த்தது, பெஞ்சில் காலாட்டிக்கொண்டு, ஏன் என்று ஒரு நாளும் ஐயாவிடம் கேட்டதில்லை, கிருபை வயதில் எனக்கு ஒரு கேள்வியும் வரவில்லை, கனவில் ஏசுவடியாள் நிமிர்கிறாள், ஓடெஸாவாக இருக்கிறாள், ஒரு கையைத் தூக்குகிறாள், நான் இழுக்கத் திரையைத் தேடுகிறேன், விழித்தால் அதே கூரை, பக்கத்து வீட்டிலும் அதே கூரைதான், அதற்கடுத்ததிலும், எழுந்து எங்கே போவது. ஜெபிக்க முழங்காலிட்டு மன்னியும் என்று கேட்கலாம், கேட்டுவிட்டு எழுந்து நெற்றியைத் திருத்திக்கொண்டு அதே சன்னலில் போய் உட்கார வேண்டும், அதற்கு என்ன மன்னிப்பு.

பள்ளிக்கூடம் திறந்த முதல் நாள் காலையில் பார்த்தேன், அவர்கள் வீட்டு வாசற்படியிலும் அதற்கு இறங்கும் சிமெண்டுப் பாதையிலும் யாரோ இரவோடு இரவாகச் சுண்ணாம்புக் கரைசலில் பெரிது பெரிதாக எழுதியிருந்தார்கள், ஒரே சொல்தான், நான் இங்கே எழுத மாட்டேன். டெல்ஃபின் புதுச் சட்டையும் ரிப்பனுமாக வெளியே வந்தாள், எழுத்துக் கூட்டக் கற்றுக்கொண்டிருக்கிற வயது, குனிந்து ஒவ்வொரு எழுத்தாக விரலால் தொட்டாள், வாய் அசைந்தது, முடித்துவிட்டு நிமிர்ந்து தாயைப் பார்த்து என்னவோ கேட்டாள். நாலு வீட்டுக்கு இந்தப் பக்கம் கண்ணாடிக்குள் எனக்கு அது கேட்கவில்லை, கேட்கவும் வேண்டியதில்லை. ஓடெஸா, பஸ் டிரைவருக்குக் கட்டளை போட்டவள், பிள்ளையின் ரிப்பனைச் சரிசெய்தாள், சரியாக இருந்ததையே மறுபடியும் சரிசெய்தாள். அன்று பகல் முழுக்க ஓடெஸாவின் வீட்டுக்காரர் தேய்த்தார், மறுநாள் காலை அதே இடத்தில் அதே சொல் ஈரம் காயாமல் இருந்தது.

மூன்றாம் நாள் நாலரை மணிக்கே எனக்கு விழிப்புத் தட்டியது, ஊரில் இருந்தால் அந்த நேரத்துக்கு வாசல் தெளிக்கப் போயிருப்பேன், முகம்கூடக் கழுவாமல், முதல் வேலை வாசல், அது வேதக்காரர் வீட்டிலும் அப்படித்தான், கோலம்தான் கிடையாது, இந்த ஊருக்கு வந்த புதிதில் அப்படி ஒரு வாளித் தண்ணீரை வாசலில் விசிறி ஊற்றி, தெருவெல்லாம் வழுக்குகிறது என்று புகார் வந்ததும் நிறுத்திவிட்டிருந்தேன், கை அதை மறக்கவில்லை. வாளியை எடுத்தேன், சலவைச் சோடா, தேய்க்கும் பிரஷ், விளக்குமாறு, பனிக்காலத்தில் மாட்டுகிற பழைய வீட்டங்கி, அத்தான் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார், வெறும் நெற்றியோடு பின்கதவைத் திறந்து புல்வெளிகளின் ஓரமாகவே நடந்தேன், வானம் கீழ்ப்பக்கம் சாம்பல் பூத்திருந்தது, யாருமில்லை. சொல் இருந்தது, புதிதாக, படியில் முழங்காலிட்டேன், வெகுநாள் கழித்து முழங்கால் ஒரு வேலைக்கு மடங்கியது, முதல் எழுத்திலிருந்து ஆரம்பித்தேன், சுண்ணாம்பு சோடாவில் கொழகொழவென்று விட்டது, இரண்டாவது எழுத்து, மூன்றாவது, கல் இடுக்கில் ஏறியதை நகத்தால் சுரண்டினேன், ஒரு தடவை உள்ளே விளக்கு எரிந்தது போலிருந்தது, அசையாமல் இருந்தேன், யாரும் வரவில்லை, கடைசியாக வாளியைச் சாய்த்து ஊற்றி விளக்குமாற்றால் பாதையின் கோடிவரை தள்ளிவிட்டேன், வெள்ளை நீர் சாக்கடைக்குள் இறங்கியது. அதற்கடுத்த நாளும் எழுதியிருந்தார்கள், அடுத்த நாளும் போனேன், அவர்கள் சலித்து நிறுத்தும்வரை, பத்தொன்பது காலை, எங்கள் கையெழுத்துகள் நிறைந்த அந்தத் தாள் எங்கோ ஒரு மேசையில் அப்படியேதான் இருந்தது, அதற்கு என்னால் எதுவும் செய்ய முடியவில்லை, ஓடெஸாவிடம் நான் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை, அவளுக்குத் தெரியுமா என்றும் எனக்குத் தெரியாது. அந்தப் பத்தொன்பது நாளில் யாராவது எழுந்து எட்டிப் பார்த்திருந்தால், அரைவெளிச்சத்தில், அந்த வீட்டுப் பெண்பிள்ளை தன் வாசலைத் தானே கழுவுகிறாள் என்றுதான் நினைத்திருப்பார்கள், நினைத்திருந்தால் நான் மறுத்திருக்க மாட்டேன். முதல் நாள் வாளியோடு திரும்பி வந்து திரை ஓரமாக நின்றேன், கை சோடாவில் வெந்து எரிந்தது, எட்டு மணிக்கு டெல்ஃபின் வெளியே வந்தாள், படியில் நின்று கீழே பார்த்தாள், ஈரம் மட்டும் இருந்தது, தாயை ஒன்றும் கேட்கவில்லை, தேங்கிய தண்ணீரை ஒரே தாவாகத் தாண்டிப் பள்ளிக்கூடம் போனாள்.